இருபத்திரண்டாம் மாடியில் ஒரே ஒரு மஞ்சள்

காலையில் கதவைத் திறந்ததும் இருபத்திரண்டாம் மாடிக்காரர்கள் முதலில் பார்ப்பது ஒருவர் முகத்தை மற்றவர் அல்ல, காதைத்தான். வலது காது மடலுக்குக் கீழே, தோலுக்குள், மிளகு அளவில் பதித்திருக்கும் சாட்சிமணி என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்த்த பிறகே, வணக்கம் சொல்வதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள். பச்சை என்றால் வணக்கம். மஞ்சள் என்றால் அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்த மனிதர் காதில் நல்ல வார்த்தை ஒன்றும் விழாது.

அன்றைக்கும் அந்த மாடியின் நாற்பது வீடுகளில், நூற்றைம்பது பேரில், ஒரே ஒருவருக்குத்தான் மஞ்சள். லூர்தம்மாளுக்கு. மணி பதித்து இந்த மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து, பதினேழு நாளாக, ஒரு நாள் தவறாமல், அவளுக்கு மட்டும்தான்.

சாட்சிமணியைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை நோயால் கண்ணையோ காலையோ இழந்து படுத்திருந்த காலம் அது. தூத்துக்குடிக் கரையோரம், பழைய உப்பளங்களைக் கடல் விழுங்கிவிட்ட இடத்தில், தூண் ஊன்றி எழுப்பிய கோபுரங்களுக்கு ஒரு நலவாரியம் இருந்தது. ஆலையில் தயாராகும் சர்க்கரை எந்த வடிவில் இருந்தாலும் அதில் சுட்டணு என்ற அடையாளத் துகளைக் கலந்தே தீரவேண்டும் என்று அந்த வாரியம் சட்டம் போட்டது. மாம்பழத்தில் மரமே ஊட்டிய இனிப்பில் சுட்டணு இருக்காது. பாலோடு பாலாக இருக்கும் இனிப்பிலும் இருக்காது. மனிதன் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்த சர்க்கரையில் மட்டுமே இருக்கும். அப்படிச் சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டியைத் தாண்டினால், ரத்தத்தில் ஓடும் சுட்டணுவை மோப்பம் பிடித்து மணி மஞ்சளாகும். மணி பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். அது உண்மையும்கூட.

அதோடு விட்டிருந்தால் நல்லது. ஒரு மாடியில் ஒரு மஞ்சளை லிப்டின் கண் பார்த்துவிட்டால் அன்று முழுவதும் லிப்ட் அந்த மாடியில் நிற்காது என்று வாரியம் பிறகு ஒரு விதி சேர்த்தது. நோயை அண்டைவீட்டார் கண்டித்துத் திருத்துவார்கள் என்பது கணக்கு. கண்டிப்புக்குக் குறைவில்லாமல்தான் இருந்தது.

லூர்தம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் கடலோடு போய்ப் பன்னிரண்டு வருடம். கோபுரத்தின் அடித்தளத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், வடிகட்டிகளைக் கழுவும் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். வலது காலில் ரத்தம் சரியாக ஓடாமல் கட்டைவிரல் புண்ணாகி ஆறவே இல்லை. ரத்தக்குழாயைத் திருத்தினால் கால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மருத்துவக் கோபுரத்துக்குள் நுழைய, தொடர்ந்து பத்து நாள் மணி பச்சையாக இருக்கவேண்டும். தானே தேடிக்கொண்ட நோய்க்கு வாரியம் கத்தி எடுக்காது. ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்த தேதி தவறிப்போயிற்று. இனி ஒரே ஒரு தேதி பாக்கி. அதற்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அதையும் தவறவிட்டால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான்.

அவள் இனிப்பைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். யாரும் நம்பவில்லை. மணிதான் எரிகிறதே.

அன்று காலை அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். தன்னால்தானே எல்லோரும் மாடி ஏறுகிறார்கள் என்று, பதினோராம் மாடித் திருப்பத்தில் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இரண்டு தம்ளரும் வைப்பது அவள் வழக்கமாகியிருந்தது. அந்தத் தண்ணீரை அவள் கண்ணெதிரே யாரும் குடித்ததில்லை. முதல் நாள் யாரோ ஒருவர் தம்ளரை எத்திவிட்டுக்கூடப் போனார். ஆனால் சாயங்காலம் பார்த்தால் குடம் காலியாகத்தான் இருக்கும்.

அவள் பின்னால் நகருகிற பெட்டி போல ஒன்று வந்தது. வாரியம் அனுப்பிய இயந்திரம்; கூடவன் என்று பெயர். முழங்கால் உயரம், ஒரே கண். லூர்தம்மாள் வாயில் என்ன போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை.

எதிரே பேச்சித்தாய் ஏறி வந்தாள். கரையில் மீன் எடுத்து மாடியில் விற்பவள். தலையில் கூடை, இருபத்திரண்டு மாடி ஏறவேண்டிய எரிச்சல் முகத்தில்.

"வழிய விடுங்க மகராசி. நீங்க இறங்கி முடிக்கதுக்குள்ள எம் மீனு கருவாடாப் போயிரும்."

லூர்தம்மாள் சுவரோடு ஒண்டினாள். "பேச்சி, மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் திங்கல."

"ஆமா, காத்தக் குடிச்சே இப்படி எரியுது. எங்களுக்கெல்லாம் எப்பவோ காது குத்தியாச்சு யக்கா."

மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். "மக்ரூன் கடைக்காரனக் கேட்டாத் தெரியும்" என்றது இன்னொரு குரல்.

கூடவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. "கடந்த பதினேழு நாளில் இவர் உண்ட இனிப்பு: எதுவும் இல்லை" என்று சுத்தமான தமிழில் சொல்லிற்று.

"இந்தப் பெட்டிக்கும் வாங்கிக் குடுத்துட்டா போல" என்றாள் பேச்சி. கூடையைச் சரி செய்துகொண்டு அவள் ஓரடி எடுத்து வைத்தபோது, படியில் ஈரமாக ஒரு தடம் கண்ணில் பட்டது. தண்ணீர் என்று நினைத்தாள். தண்ணீர் சிவப்பாக இருக்காது. குடம் சுமந்தவளின் வலது செருப்பிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. பேச்சி அந்தத் தடத்தை மிதிக்காமல் ஏறிப் போனாள்.

மத்தியானம் மாடிக் கூட்டம் நடந்தது. மாடித் தலைவர் பிச்சைக்கனி துறைமுகத்தில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. எதையும் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி.

"ஒருத்திக்காக நூத்தம்பது பேரு முட்டி தேயணுமா? என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி. நேத்து பதினஞ்சாம் மாடில உக்காந்து அழுதுட்டா. லூர்தம்மாள வேற கோபுரத்துக்கு மாத்தச் சொல்லி மனுக் குடுக்கப் போறேன். கையெழுத்துப் போடுதவங்க போடலாம்."

எல்லோரும் போட்டார்கள். லூர்தம்மாள் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். காலியான நாற்காலிகள் இருந்தன; யாரும் உட்காரச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது கதவில் ஒரு மாலை தொங்கியது. மக்ரூன் இனிப்பைச் சுற்றி வருகிற வெண்தாள்களைக் கசக்கி நூலில் கோத்திருந்தார்கள். அவள் அதை அவிழ்த்து, நூலைத் தனியாகச் சுற்றி வைத்துக்கொண்டாள். நூல் நல்ல நூல்.

மாதா படத்துக்கு முன்னால் நின்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயே, நான் என்ன தின்னேன்னு நீயாவது சொல்லு."

விளக்குப் போடுகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த தாள்மாலை என்று நினைத்துத் திறந்தாள். பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சிறு டப்பா.

"உள்ள வரலாமா?"

வந்தாள். கூடவனைப் பார்த்தாள். "இது என்ன பாக்கும்?"

"வாயில போறத மட்டுந்தான் பாக்கும்."

பேச்சி டப்பாவைத் திறந்தாள். உள்ளே மீன் செதில் போல மெல்லிய ஒன்று, இலைப் பச்சை நிறத்தில். "இது தோலொட்டி யக்கா. கரையில வெத்தலக் கடையில கிடைக்கும். மணிக்கு மேல ஒட்டிக்கிட்டா பச்சையா எரியுத மாதிரி இருக்கும். தேதி வாரவரைக்கும் ஒட்டிக்கிடுங்க. கால் முக்கியம்."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

பேச்சி கதவைச் சாத்தினாள். பிறகு தன் காதோரம் நகத்தை வைத்து உரித்தாள். கீழே மஞ்சள் எரிந்தது. லூர்தம்மாளுடையதைவிடப் பிரகாசமாகவே எரிந்தது.

"மூணு வருசமா. கோயில் கொடைத் திருவிழாவுல ஒரு கை பாயசம் நக்குனேன். அதுலருந்து போகவே இல்ல. சாமி குத்தம்னு நெனச்சேன். இந்த மாடியில நான் ஒருத்திதான் கள்ளின்னு... உங்களப் பேசுனா எம் மேல யாருக்கும் சந்தேகம் வராதுல்லா." குரல் இறங்கிற்று. "பதினோராம் மாடியில தெனமும் நாந்தான் ரெண்டு தம்ளர் குடிப்பேன்."

லூர்தம்மாள் சிரித்தாள். பதினேழு நாளில் முதல் சிரிப்பு. தோலொட்டியைத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நீ கொண்டாந்தியே, அதுவே போதும். எனக்கு ஒட்டத் தெரியாது பேச்சி. படத்துக்கு முன்னால நின்னு சொல்லணும்லா."

பேச்சிக்கு அது புரிந்ததோ இல்லையோ, ஒட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குள் மறுபடியும் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பிச்சைக்கனி. கையில் மனு இல்லை. தொண்டையைக் கனைத்தார். உள்ளே பேச்சி இருப்பதை அவர் பார்க்கவில்லை.

"மனுவ நாளைக்குத்தான் குடுக்கணும். அதுக்குள்ள ஒரு வழி இருக்கு. நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேண்டாம்." சட்டைப் பையிலிருந்து அவரும் ஒரு டப்பாவை எடுத்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்குமா?" என்றாள் பேச்சி.

அவர் திரும்பினார். உரித்த காதோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். எடை போடுகிறவர் முள்ளைப் பார்ப்பது போல அந்த மஞ்சளை நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு தன் காதில் விரலை வைத்து ஒட்டியை உரித்தார்.

"நான் காப்பிக்கு ஒரு துண்டு கருப்பட்டி கடிப்பேன்" என்றார், குற்றப்பத்திரிகையை ஒத்துக்கொள்கிற மாதிரி. "சின்னத் துண்டு. அதான் இப்படிக் காட்டிக் குடுக்குன்னு இருந்தேன்."

அன்று விளக்கு அணைக்குமுன் இன்னும் நான்கு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். ஒவ்வொருவரும் தனியாக, தலையைக் குனிந்துகொண்டு, கையில் ஒரே மாதிரி டப்பாவோடு. உள்ளே நுழைந்து மற்றவர்களைக் கண்டதும் ஒவ்வொருவரும் நின்றவிடத்தில் நின்றார்கள். திட்டும்போது எல்லோரும் ஒன்றாக நின்று திட்டினார்கள். இரக்கப்படும்போது தனித்தனியாக, திருட்டுப் போல வந்தார்கள். மனித சுபாவம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திருட்டு இரக்கம் மட்டும் இல்லாதிருந்தால் உண்மை அன்றைக்கு வெளியே வந்திருக்காது.

ஏழு மஞ்சள்கள் அந்தச் சின்ன அறையை விளக்கில்லாமலே வெளிச்சமாக்கின.

"ஒரு துண்டு கருப்பட்டிக்கும், மூணு வருசத்துக்கு முந்தின பாயசத்துக்கும், ஒண்ணுமே திங்காத எனக்கும் ஒரே மஞ்சளா?" என்றாள் லூர்தம்மாள். "இனிப்ப விடுங்க. நம்ம எல்லாரும் திங்கது என்ன?" அவள் கூடவன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, நேத்து நான் வாயில போட்டதெல்லாம் சொல்லு. இனிப்ப மட்டுமில்ல. எல்லாம்."

கூடவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "காலை: பச்சிலைச் சத்துமாவுக் கஞ்சி, இரண்டு தம்ளர். பதினோரு மணி: பச்சிலை ரொட்டி, மூன்று துண்டு, பச்சிலைத் தக்காளித் தொக்குடன். மதியம்: சோறு, மீன் குழம்பு, பச்சிலைத் தயிர். இரவு: பச்சிலைச் சத்துமாவுக் கஞ்சி, இரண்டு தம்ளர்."

அறையில் இருந்த ஏழு பேரும் அதையேதான் சாப்பிட்டிருந்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்றே வாரியம் எல்லா மாடிக்கும் அனுப்பும் பொட்டலங்கள் அவை. முன்பக்கம் பெரிய பச்சிலை, அதன் கீழே, "வெள்ளைச் சர்க்கரை அறவே கிடையாது."

பிச்சைக்கனி மாவுப் பொட்டலத்தைத் திருப்பினார். பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு வரிசை போல எழுத்து. வீட்டுக்குப் போய் உருப்பெருக்கியை எடுத்து வந்தார்.

"முதல்ல கேழ்வரகு. சரி. அடுத்தது பார்லி மால்ட் சாறு. பொறவு குளுக்கோஸ் பாகு. சோளப் பாகு. டெக்ஸ்ட்ரோஸ். அரிசிப் பாகு. பிரக்டோஸ். திராட்சைச் சாற்றுச் செறிவு. உலர்த்திய கரும்புச் சாறு." உருப்பெருக்கியை இறக்கினார். "எட்டுப் பேரு."

"யாரு இந்த எட்டுப் பேரும்?" என்றாள் பேச்சி.

"கூடவா, இதுலயெல்லாம் சுட்டணு உண்டா?" என்று கேட்டார் பிச்சைக்கனி.

"உண்டு. இவை எட்டும் ஆலையில் தயாராகும் சர்க்கரைகள்."

"அப்பொறம் ஏன்லே இனிப்பு எதுவும் திங்கலன்னு சொன்ன?"

"என்னிடம் உள்ள இனிப்புப் பட்டியலில் நாற்பத்திரண்டு பண்டங்கள் உள்ளன. லட்டு, ஜாங்கிரி, மஸ்கோத் அல்வா, மக்ரூன், பாயசம், கருப்பட்டி... கஞ்சியும் ரொட்டியும் தொக்கும் தயிரும் அதில் இல்லை. பட்டியலை இந்த மாடியின் குழு தயாரித்தது. தலைவரின் கையெழுத்து உள்ளது."

பிச்சைக்கனி கட்டிலில் உட்கார்ந்தார். அந்தக் கூட்டம் அவருக்கு நினைவிருந்தது. கல்யாண வீட்டில் என்ன போடுவோம், கோயிலில் என்ன கொடுப்போம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். நாலு பேர் பார்க்கத் தின்றால் கூச்சம் வருகிற பண்டத்தையெல்லாம் எழுதினார்கள். தைரியமாகத் தின்கிற ஒன்றையும் எழுதவில்லை.

"எட எது கூடவோ அதத்தான் முதல்ல எழுதணும். எட்டாப் பிரிச்சுப் போட்டதால கேழ்வரகு முதல்ல நிக்கி" என்றார். எடைக்காரர் அல்லவா; அவருக்கு உடனே பிடிபட்டது. "எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டா இவன்தான் முதல்ல வருவான். இது கேழ்வரகு போட்ட சர்க்கர."

மறுநாளிலிருந்து லூர்தம்மாள் வீட்டுக்குப் பச்சிலை போட்ட எதுவும் வரவில்லை. பேச்சி தினமும் சாளை மீன் குழம்பு கொண்டுவந்தாள். பிச்சைக்கனியின் மனைவி உடைத்த கம்பை உப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். இன்னொருத்தி முருங்கைக்கீரை. இரண்டு நாள் மணி மஞ்சளாகவே இருந்தது. இரண்டு நாளும் மாடிக்காரர்கள் வாயைத் திறக்காமல் படியேறினார்கள். மூன்றாம் நாள் காலை மணி பச்சையாயிற்று. இலைப் பச்சை அல்ல. ஆழக் கடலில் வெயில் விழுந்தால் தெரியுமே, நீலம் கலந்த ஒரு பச்சை. அப்படி ஒரு பச்சையை அந்த மாடியில் யாரும் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

உடனே எல்லோரும் மாவை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாலைந்து வீடுதான் விட்டது. மற்றவர்கள், "அதான் முன்னால இலை போட்டிருக்கே" என்றார்கள். "மாவ விடுததுக்கு ஒட்டிய மாத்துதது லேசு" என்றும் ஒருவர் சொன்னார். பிச்சைக்கனி அந்த மனுவுக்குப் பதிலாக எட்டுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாரியத்துக்கு அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது: "தங்கள் அக்கறைக்கு நன்றி. மக்களின் நம்பிக்கையை வலுப்படுத்தும் பொருட்டு, பொட்டலத்தின் மீதுள்ள பச்சிலை இரண்டு மடங்கு பெரிதாக்கப்படும்."

பதின்மூன்றாம் நாள் காலை, பத்துப் பச்சைகளை முடித்துக்கொண்டு, லூர்தம்மாள் மருத்துவக் கோபுரத்தின் வாசலில் நின்றாள். பேச்சி கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். பின்னால் கூடவன். அதற்கும் பின்னால் நீண்ட வரிசை. எல்லோர் காதிலும் இலைப் பச்சை.

வாசலில் ஆள் இல்லை. வாசலி என்ற இயந்திரம்தான். அதன் கண் அவள் காதருகே வந்தது. போயிற்று. மறுபடியும் வந்தது.

"அனுமதி இல்லை. இந்தப் பச்சை போலி."

லூர்தம்மாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றிற்று. பேச்சிக்குக் கேட்டது. "போலியா? நல்லாப் பாரு. பத்து நாளா அவ்வளவும் சத்தியப் பச்சை."

"எட்டு ஆண்டுகளில் இந்த வாசலில் நான்கு லட்சம் பச்சைகளைப் பார்த்து, பச்சை எது என்று நான் கற்றிருக்கிறேன். இந்த நிறம் அவற்றில் எதனோடும் பொருந்தவில்லை. இதில் நீலம் கலந்திருக்கிறது. அடுத்தவர் வரலாம்."

வரிசை முணுமுணுத்தது. "ஏமாத்துக்காரி. சாயம் பூசிட்டு வந்துருக்கா பாரு" என்றார் ஒருவர். "இவளமாரி ஆளுகளாலதான் நமக்கெல்லாம் நேரமாவுது" என்றாள் இன்னொருத்தி. யாரோ முதுகில் தள்ளினார்கள். வலது கால் தரையில் ஊன்றி, கட்டு நனைந்தது.

"கூடவா, நீ சொல்லு" என்றாள் லூர்தம்மாள்.

"கடந்த பத்து நாளில் இவர் உண்ட இனிப்பு: எதுவும் இல்லை."

"அதற்கு முந்தைய பத்தொன்பது நாளுக்கும் நீ இதையே சொன்னாய், அப்போது மணி மஞ்சள்" என்றது வாசலி. "உன் சாட்சி செல்லாது. அடுத்தவர் வரலாம்."

பேச்சி அவளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அன்று சாயங்காலம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த அதே தோலொட்டி.

"வேண்டாம் பேச்சி."

"யக்கா, மஞ்சளுக்கு மேல பச்சைய ஒட்டுனா பொய். பச்சைக்கு மேல பச்சைய ஒட்டுனா அதுல பொய் எங்க இருக்கு?"

லூர்தம்மாள் கண்ணை மூடினாள். இத்தனை வருடமாகப் பொய்யை அவள் கிட்டே சேர்த்ததில்லை. உண்மையே பொய்யின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் கதவு திறக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. "ஆண்டவரே, உள்ள இருக்கது உமக்குத் தெரியும்" என்று முனகினாள். பிறகு காதைச் சாய்த்துக் கொடுத்தாள்.

வாசலியின் கண் வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. "வரவேற்கிறோம். தங்கள் ஒழுக்கத்துக்குப் பாராட்டுகள்."

கால் பிழைத்துவிட்டது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை ஓர் இளம் நர்ஸ் கிண்ணமும் கையுமாக வந்தாள். தவசி என்று சட்டையில் பெயர் போட்டிருந்தது. "பத்து நாள் தொடர்ந்து பச்சையா இருந்தவங்களுக்கு வாரியத்துப் பரிசும்மா. அஞ்சு கிலோ. அதுலயே கஞ்சி காச்சிக் கொண்டாந்தேன். சூடா குடிங்க, உடம்பு தேறணும்லா."

லூர்தம்மாள் கிண்ணத்தை முகர்ந்தாள். "அந்தப் பொட்டலத்தக் கொஞ்சம் காட்டுதியா தாயி?"

பச்சிலை உண்மையிலேயே இரண்டு மடங்காகியிருந்தது. அவள் பையைத் துழாவி, பிச்சைக்கனி கொடுத்தனுப்பிய உருப்பெருக்கியை எடுத்தாள். பொட்டலத்தைத் திருப்பி, மடிப்பைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக நிறுத்தி வாசித்தாள். பார்லி மால்ட் சாறு. குளுக்கோஸ் பாகு. சோளப் பாகு. பக்கத்துக் கட்டிலில் அரைத் தூக்கத்தில் கிடந்த கிழவி, மாதாவை வேண்டும் மன்றாட்டு மாலை ஜெபம் சொல்லுகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு மடங்கு இலைக்கு இடம் விட்டதில் பின்பக்க எழுத்து பாதியாகச் சிறுத்திருந்தது. பெயர்களும் எட்டில்லை; ஒன்பது.

"இவ்வளவு பொடி எழுத்த யாரும்மா படிக்கா?" என்றாள் தவசி. "முன்னால இம்புட்டுப் பெரிய இலை போட்டிருக்கே. நாங்க எல்லாரும் இதத்தான் குடிக்கோம். டாக்டரும்..."

பேச்சு நின்றது. கை அவளை அறியாமல் காதோரத்துக்குப் போயிற்று.

லூர்தம்மாள் அந்தக் காதைப் பார்த்தாள். ஒட்டியின் ஓரம் மயிரிழை அளவு தூக்கியிருந்தது. அந்த இடுக்கில் மஞ்சள் கசிந்தது. வார்டு வாசலில் கண்காணி இயந்திரம் உருண்டு வரும் சத்தம் கேட்டது. தவசியின் முகம் வெளிறிற்று.

"கிட்ட வா தாயி" என்றாள் லூர்தம்மாள். கட்டைவிரலால் அந்த ஓரத்தை மெதுவாக, நன்றாக ஒட்டும்படி அமுக்கிவிட்டாள். "இப்ப சரியா இருக்கு. இந்தக் கஞ்சிய அப்படி வை. நாளைக்கு வரும்போது கொஞ்சம் கம்பு கொண்டு வா, உப்புப் போட்டுக் காச்சுவோம். உனக்கும் சேத்து."